ஒரு சின்னப் படம், 25 தாள்: வெள்ளவத்தை வீடொண்டில அப்பாவின்ட போட்டோவைப் பிரிண்ட் எடுத்தது பற்றின நிகழ்வு ஆய்வு

இதில வாற குடும்பத்திட்ட கேட்டு, அவை ஓம் எண்டு சொன்ன பிறகுதான் எழுதுறன். ஆக்களின்ட பேர், ஒழுங்கை, எந்த மெசின், எந்தக் கடை ஒண்டும் போடேல்ல, இந்த விசயத்துக்கு அது தேவையும் இல்லை. நான் இருக்கிறது தெஹிவளையில. வீட்டில போட்டோ பிரிண்ட் எடுக்கத் தொடங்கி பதினொரு வருசம் ஆகுது, கனக்கத் தாளும் மையும் கொட்டித்தான் பழகினது. இந்த வீட்டில நடந்தது கிட்டத்தட்ட எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான், அதால நடந்த ஒழுங்கிலயே எழுதி வைக்கிறன்.

பின்னணி

வெள்ளவத்தையில கடல் பக்கமாப் போற ஒழுங்கை ஒண்டில நாலாம் மாடி பிளாட். ஹோல் ஜன்னலைத் திறந்தா ரயில் சத்தமும் உப்புக் காத்தும் சேந்து வரும். அம்மா, மகள், மருமகன், ரெண்டு பிள்ளையள். மகளை நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறது. போன வருசம் மே மாதம் நடுவில அப்பா மோசம் போனவர். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு, அதாவது செத்தவருக்குச் செய்யிற சடங்குக்கு, கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கிற வேலை, அட்டைப் படம் எல்லாம் அச்சகத்துக்குப் போட்டுது, அதில பிரச்சினை இல்லை. அம்மா கேட்டது வேற. கல்யாணம் முடிச்ச புதுசில, எழுபதுகளில எடுத்த அப்பாவின்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒண்டைப் பெருப்பிச்சு ஹோலில மாட்ட வேணும் எண்டவ.

அந்தப் படம் இவையிட்ட இல்லை. 83 ஜூலைக் கலவரத்தில வீடு எரிஞ்சதோட அல்பம் முழுக்கப் போட்டுது. யாழ்ப்பாணத்தில அப்பாவின்ட தங்கச்சி, அக்காவுக்கு மாமி, அவவிட்ட ஒரு பிரதி இருந்தது. ரெண்டே கால் அங்குலம் அகலம், மூண்டே கால் அங்குலம் உயரம், சுத்திவர வெள்ளைக் கரை. மாமியின்ட மகன் அதை ஃபோனால படம் பிடிச்சு வட்ஸ்அப்பில அனுப்பினவர்.

முதல்ல ஒரு கடையில குடுத்திருக்கினம். அவை நல்லாச் செய்து தாறம் எண்டு நினைச்சு முகத்தை வெள்ளையாக்கி, தோலை வழவழப்பாக்கி, பின்னால நீலக் கலர் போட்டுக் குடுத்திட்டினம். அப்பாவின்ட வலது புருவத்தில ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, அதையும் எடுத்தாச்சு. அம்மா அதைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாம மேசையில கவிழ்த்து வைச்சவவாம். கடைக்காரரை முழுசாப் பிழை சொல்லவும் மனம் வரேல்ல, அவையின்ட கையில இருந்ததும் வட்ஸ்அப்பில சுருங்கி வந்த படம்தான், ஆனா கேக்காமலே முகத்தில கை வைச்சது எனக்கு இண்டைக்கும் கோவம்.

வீட்டில ஆறு கலர் இங்க் டாங்க் பிரிண்டர் ஒண்டு இருந்தது. கொரோனா நேரம் பிள்ளையளின்ட ஒன்லைன் வகுப்புக்கு டியூட் (பாடத் தாள்) அடிக்கப் போய், போட்டோவும் எடுக்கலாம் எண்டு கடைக்காரப் பெடியன் சொல்ல வாங்கினது. சரி வீட்டிலயே எடுப்பம் எண்டு அக்கா தொடங்கினவ. மூண்டு இரவு, 14 தாள். பிறகுதான் எனக்கு கோல் எடுத்தவ. "தம்பி, இந்த மெசினைத் தூக்கிக் கடலில போடப் போறன், அதுக்கு முன்னம் ஒருக்கா வந்து பார்." 31க்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நான் போய்ப் பாத்தது

முதல் வேலையா அந்த 14 தாளையும் எறியாம எடுத்து, அடிச்ச ஒழுங்கில அடுக்கி, பின்பக்கம் பென்சிலால 1 தொடக்கம் 14 வரை நம்பர் போடச் சொன்னனான். அக்காவுக்கு அது விசராக்கினது, பிழைச்ச தாளுக்கு ஏன் நம்பர் எண்டு. ஆனா அடுக்கின உடனே ஒரு விசயம் தெரிஞ்சுது: ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில மூண்டு நாலு செட்டிங்கை ஒரேயடியா மாத்தியிருக்கிறா. பேப்பர் வகை, குவாலிட்டி, பிரைட்னஸ், கலர் எல்லாம் சேத்து. அதால எது எதைச் செய்தது எண்டு அவவுக்கும் தெரியாது, எனக்கும் கண்டுபிடிக்க ஏலாது. களைச்சுப் போன ஆக்கள் எல்லாரும் இதைத்தான் செய்வினம், நானும் செய்திருக்கிறன்.

தாளில கண்டது இவ்வளவும்.

முகத்திலயும் சட்டையிலயும் குறுக்கால மெல்லிய வெளிர்க் கோடுகள், ஆனா தலைமயிரில கோடே இல்லை. எல்லாத் தாளும் இருட்டு, கண்ணுக்குக் கீழ நிழல் அப்பிடியே கறுப்பா இறங்கிப் போய்க் கிடக்குது. கறுப்பு வெள்ளைப் படம் கறுப்பு வெள்ளையா இல்லை, பல்ப் வெளிச்சத்தில பச்சை அடிக்குது, அதே தாளை ஜன்னலடிக்குக் கொண்டு போனா லேசா ஊதா மாதிரி. நாலு தாளில ஓரத்தில கறுப்பா இழுபட்டிருந்தது. முதல் நாள் இரவு அடிச்ச தாளைப் பெருவிரலால தொட்டா இன்னும் ஒட்டுற மாதிரி ஒரு பிசுபிசுப்பு.

அக்காவின்ட கணக்கில எல்லாமே மெசினின்ட பிழை. நான் பாத்து முடிய எனக்கு விளங்கினது, மெசினின்ட பிழை அந்த வெளிர்க் கோடு ஒண்டுதான். மிச்சம் எல்லாம் மெசினுக்கு வெளியில, அந்த அறையின்ட வெளிச்சத்திலயும் காத்திலயும், அவசரத்திலயும்தான் இருந்தது.

முதல் முடிவு: மெசினுக்கு ஓய்வு

நொசில் செக் ஒண்டு, அதாவது மை வாற நுண்துளையெல்லாம் வேலை செய்யுதோ எண்டு காட்டுற தாள், அடிச்சுப் பாத்தனாங்கள். ஆறு கலரில லைட் சயன் (வெளிர் நீலம்) வரியில ஏழெட்டு இடம் விட்டுப் போயிருந்தது. அப்ப கோட்டுக்கான காரணம் சரி. முகம், வெள்ளைச் சட்டை மாதிரி வெளிர் இடங்களை மெசின் லைட் சயன், லைட் மஜென்ட்டா போட்டுத்தான் நிரப்புறது, தலைமயிர் மாதிரி இருட்டு இடத்துக்குக் கறுப்பும் கடுமையான கலரும் போகும். அதாலதான் கோடு முகத்திலயும் சட்டையிலயும் மட்டும்.

அக்கா அண்டைக்கு மட்டும் ஏழு தரம் ஹெட் கிளீனிங், அதாவது மை தெளிக்கிற ஹெட்டை மெசினே துப்புரவாக்கிற வேலை, குடுத்திருக்கிறா, ஒண்டு முடிய ஒண்டு. விட்டு விட்டுச் செய்ய வேணும் எண்டு எனக்கும் ஒருகாலத்தில தெரியாது. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் நல்ல மை உறிஞ்சப்பட்டு அடியில இருக்கிற கழிவுப் பஞ்சுக்குப் போகுது, அந்தப் பஞ்சு நிரம்பினா மெசின் தானா நிண்டிடும். அதோட தொடர்ந்து இழுக்கேக்க குழாயில காத்துக் குமிழ் வந்தா முந்தி நல்லா இருந்த நொசிலும் விட்டுப் போகும். ரெண்டு மூண்டு தரம் செய்தும் சரிவராட்டி நிப்பாட்டி ஒரு இரவு விட வேணும், காஞ்ச மை ஊறித் தானா இளகும்.

ஏன் அடைச்சது எண்டும் பாத்தனாங்கள். இந்த வீட்டில பிரிண்டரை அதின்ட பட்டனால ஒருநாளும் நிப்பாட்டினதில்லை, சுவர் சுவிச்சைத்தான் தட்டுறது. இடி மின்னல் தொடங்கினா ரி.வி, ரவுட்டர், பிரிண்டர் எல்லாம் ஓடிப் போய்ப் பிளக்கைக் கழட்டுறது எங்கட எல்லார் வீட்டிலயும் இருக்கிற பழக்கம்தானே. ஆனா ஹெட் வேலை முடிஞ்சு தன்ட இடத்துக்குப் போய் மூடி பொருந்த முதல் கரண்ட் போனா நொசில் திறந்தபடியே காயும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் கட் இருந்த நேரம் என்ட பழைய பிரிண்டரின்ட ஹெட் போனது இப்பிடித்தான், பாதிப் படத்தில கரண்ட் போய், அடுத்த நாளும் அதே நேரம் போய். இங்க இன்னொண்டும் இருந்தது: பிரிண்டர் வைச்ச இடம் ஏசி காத்து நேரா அடிக்கிற இடம். அதோட மூண்டு மாசம் ஒரு தாளும் அடிக்கேல்ல.

அதால முடிவு: அண்டைக்கு இரவு ஒண்டும் செய்யிறேல்ல. பட்டனால நிப்பாட்டி, மெசினை மற்றப் பக்கத்து மேசைக்கு மாத்தி வைச்சிட்டு நான் வீட்ட போட்டன். அக்காவுக்குச் சரியான அந்தரம், நாள் போகுதே எண்டு. விடிய அவ அடிச்சு அனுப்பின நொசில் செக்கில ரெண்டே ரெண்டு இடம்தான் விட்டிருந்தது. ஒரே ஒரு கிளீனிங், முழு வரியும் வந்திட்டுது.

ரெண்டாவது: மூலப் படம் கையில வர வேணும்

வட்ஸ்அப்பில வந்த படத்தை வைச்சு எட்டுக்குப் பத்து அங்குலம் அடிக்கிறதெண்டது, எவ்வளவு நல்ல மெசின் எண்டாலும் நடக்காது. அனுப்பேக்க அது படத்தைச் சுருக்கிப் போடும், டொக்கியுமென்டா அனுப்பினா அப்பிடிச் சுருக்காது. ஆனா இதில மூலமே ஃபோனால பிடிச்சது, மேல பல்ப் வெளிச்சம் பட்ட மினுக்கமும் இருந்தது. மாமியின்ட மகன் கொழும்புக்கு வாற ஒரு ஆளிட்டக் குடுத்துவிட, இரவு பஸ்ஸில படம் வந்து சேந்தது, ரெண்டு மட்டைக்கு நடுவில வைச்சு, மேல சீலைத் துண்டு சுத்தி.

என்ட ஸ்கேனரில 1200 டிபிஐயில, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியா, எடுத்தனான். ரெண்டே கால் அங்குலத்துக்கு 2700 பிக்சல், மூண்டே காலுக்கு 3900. எட்டுக்குப் பத்தை 300 டிபிஐயில அடிக்க 2400க்கு 3000 பிக்சல் போதும், அப்ப மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டினாலும் தாராளமாக் காணும். ஸ்கிரீனில திறந்த உடனே புருவத் தழும்பு தெரிஞ்சுது. அக்கா ஸ்கிரீனில விரல் வைச்சுக் காட்டினவ, பிறகு கொஞ்ச நேரம் கதைக்கேல்ல.

மூண்டாவது: பேப்பர்

அவையிட்ட இருந்தது பம்பலப்பிட்டியில வாங்கின, சதுர மீற்றருக்கு 180 கிராம் பாரமான கிளொசி, மினுங்கிற தாள். பக்கெட் உடைச்சு மாதக் கணக்கில கடல் பக்க ஜன்னலுக்குக் கிட்ட அலுமாரித் தட்டில திறந்தபடி கிடந்திருக்குது. கையில எடுத்தா தாள் அலையா நிக்குது. ஓரம் மேல வளைஞ்ச தாளில ஹெட் உரசும், கறுப்பு இழுபாட்டுக்கு அதுதான் காரணம்.

இந்த மலிவுக் கிளொசிக்கும் ஆர்சி பேப்பருக்கும் வித்தியாசம் பாக்கிறது லேசு. பின்பக்கத்தைத் தடவினா முந்தினது சாதாரணத் தாள் மாதிரிச் சொரசொரப்பா இருக்கும், ஆர்சி வழுவழுப்பா இருக்கும், மூலையைக் கிழிச்சா மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒண்டு இழுபடும். ஆர்சியில கடதாசிக்கு ரெண்டு பக்கமும் பொலித்தீன் படலம் இருக்கிறதால மை கடதாசிக்குள்ள ஊறாது, தாள் அலை அடிக்காது. 260 கிராம், மினுக்கம் குறைஞ்ச லஸ்டர் வகையில 20 தாள் பக்கெட் ஒண்டு வாங்கினனாங்கள். லஸ்டர் ஏன் எண்டா ஜன்னலுக்கு முன்னால இருக்கிற ஹோல், கிளொசியில வெளிச்சம் அடிச்சு முகமே தெரியாது.

அதோட டிரைவரில, அதாவது கொம்பியூட்டரில பிரிண்டரை நடத்துற மென்பொருளில, பேப்பர் வகை. 14இல ஒன்பது தாள் பிளேன் பேப்பர் எண்ட செட்டிங்கில அடிச்சிருந்தது, டியூட் அடிக்கிறதுக்கு வைச்ச செட்டிங்கை மாத்தேல்ல. அந்தச் செட்டிங்தான் எவ்வளவு மை ஊத்திறது, எந்தக் கலர் எவ்வளவு எண்டு மெசினுக்குச் சொல்லுறது. ஈரம் குடிச்ச தாளும் பிழையான செட்டிங்கும் சேந்துதான் அந்தப் பிசுபிசுப்பு.

நாலாவது: ஸ்கிரீன்

இந்தப் பகுதியை மட்டும் வாசிச்சாலும் போதும் எண்டு சொல்லுவன். வீட்டில பிரிண்ட் எடுக்கிற ஆக்கள் எல்லாரும் முதல்ல சொல்லுற முறைப்பாடு படம் இருட்டா வருது எண்டதுதான், நூற்றுக்குத் தொண்ணூறு நான் போய்ப் பாத்த இடத்தில காரணம் ஸ்கிரீன்.

அக்கா இரவு பத்து மணிக்குப் பிறகு, பிள்ளையள் படுத்தாப் பிறகு, ஹோல் லைட்டை நிப்பாட்டிப் போட்டு லப்டொப்பை முழுப் பிரைட்னஸில வைச்சு வேலை செய்தவ. பிரிண்டுக்குப் படம் சரிபாக்கேக்க ஸ்கிரீன் சதுர மீற்றருக்கு 80 தொடக்கம் 120 கன்டெலா (வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவில இருக்க வேணும் எண்டுதான் பொதுவாச் சொல்லுறது, முழுப் பிரைட்னஸில 300ஐத் தாண்டுற லப்டொப் கனக்க இருக்கு. தாளுக்குத் தன்ட வெளிச்சம் எண்டு ஒண்டு இல்லை, அறை குடுக்கிறதைத்தான் அது திருப்பித் தரும்.

அளக்கிற கருவி எங்களிட்ட இல்லை. அதால காலைமை பதினொரு மணிக்கு, ஜன்னலடி மேசையில, வெய்யில் நேரா விழாத இடத்தில லப்டொப்பை வைச்சு, ஸ்கிரீனில வெறும் வெள்ளைப் பக்கம் ஒண்டைத் திறந்து, பக்கத்தில புது ஆர்சி தாள் ஒண்டைப் பிடிச்சு, ரெண்டு வெள்ளையும் ஒரே அளவாத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறைச்சுக்கொண்டே வந்தனாங்கள். மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட வந்து நிண்டது. பிறகு 14ஆம் தாளையும் அதே ஃபைலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்க, ரெண்டும் ஒண்டு. ஒரே இருட்டு.

"அப்ப மெசின் நான் குடுத்ததைத்தான் அடிச்சிருக்கு," எண்டவ அக்கா. ஓம் அக்கா, முதல் தாளில இருந்தே.

அஞ்சாவது: ஆறு முகம், ஒரு தாள்

ஒவ்வொரு முயற்சிக்கும் முழுத் தாள் அடிச்சா மனிசர் விசராகிப் போயிடுவினம். ஏ4 தாளொண்டில முகமும் கழுத்தும் கொலரும் வாற துண்டை ஆறு தரம் வைச்சு, ஒவ்வொண்டும் முந்தினதை விடக் கொஞ்சம் வெளிச்சமா அடிச்சனாங்கள், கீழ பென்சிலால எவ்வளவு கூட்டினது எண்டும் எழுதி. இருட்டறையில வேலை செய்த பழைய ஸ்டூடியோக்காரர் துண்டு பேப்பரில வெளிச்சம் விட்டுப் பாத்த அதே முறைதான். நாலாவது முகத்தில கண்ணுக்குக் கீழ நிழல் திறந்து, கன்னமும் வெளிறாம நிண்டது.

கலரில ஒரு விசயம் பேசித் தீர்க்க வேண்டி இருந்தது. இந்த வகை மெசினில கறுப்பு ஒண்டுதான், சாம்பல் நிறத்தை அது மற்றக் கலர்களைக் கலந்துதான் உண்டாக்குது. அதால 2700 கெல்வின் மஞ்சள் பல்புக்குக் கீழ ஒரு நிறம், பகல் வெளிச்சத்தில இன்னொரு நிறம். எவ்வளவு திருத்தினாலும் சுத்தச் சாம்பல் ரெண்டு வெளிச்சத்திலயும் நிக்காது. ஆனா மூலப் படமே சுத்தச் சாம்பல் இல்லை, பழுப்புப் பிடிச்ச ஒரு சூடு அதில இருந்தது. அதே சூட்டை லேசாக் குடுத்தம். அப்பிடிக் குடுத்தா வெளிச்சம் மாறேக்க வாற பச்சையும் ஊதாவும் கண்ணை உறுத்தாது, மூலத்துக்கும் உண்மையா இருக்கும். கலரை ஒரே இடத்தில கையாளவும் வைச்சனாங்கள். சொவ்ட்வெயாரும் டிரைவரும் ரெண்டு பேரும் கலர் திருத்தினா ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிறம் கெட்டுப் போகும்.

பிறகு ஸ்கேனில இருந்த தூசி, கீறல், பூஞ்சணப் புள்ளியெல்லாம் நான் ஒரு இரவு இருந்து துப்புரவாக்கினனான். 31க்கு நாலு நாள் இருக்கேக்க 23ஆம் தாள் வந்தது. ஜன்னலடியில வைச்சுப் பாத்தம், நல்ல படம். அக்கா அழுதவ.

பிழைச்ச இடம்

அதே பின்னேரம், அடிச்சு ரெண்டு மணித்தியாலம் கூட ஆகேல்ல, மருமகன் பிறேம் கடைக்குக் கொண்டு போய் மாட்டிக்கொண்டு வந்திட்டார். வெளியில மழை, தென்மேல் பருவக் காத்து நேரம், உடுப்புக் காய மூண்டு நாள் எடுக்கிற காலம். விடியப் பாக்க கண்ணாடிக்கு உள்பக்கம் புகார் மாதிரிப் படிஞ்சிருந்தது, இடப்பக்கக் காதிலயும் தோளிலயும் படம் கண்ணாடியோட ஒட்டி, ஈரமான ஒரு மப்புத் தெரிஞ்சுது. கழட்டேக்க தோளில ஒரு துண்டு கண்ணாடியோடயே நிண்டிட்டுது.

இது என்ட பிழை. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கிற தாள் காஞ்ச தாள் இல்லை எண்டு நான் சொல்லியிருக்க வேணும். இந்தப் பேப்பரில மேல இருக்கிற நுண்துளைப் படலம் மையை உடனே உள்ளுக்கு இழுத்திடும், ஆனா மையோட இருக்கிற கிளைக்கோல் மாதிரித் திரவங்கள் மெதுவாத்தான் வெளியேறும். குறைஞ்சது 24 மணித்தியாலம், மேல சாதாரணத் தாள் ஒண்டைப் போட்டு வைச்சா அது உறிஞ்சி எடுக்கும், இந்த மழை நேரத்தில ரெண்டு நாள் விட்டாலும் நட்டமில்லை. அதோட படம் கண்ணாடியைத் தொடாம நடுவில மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லியும் நான் சொல்லேல்ல.

சரி, திருப்பி அடிப்பம் எண்டு இருக்கேக்கதான் அம்மா வந்து கதிரையில இருந்தவ. அதுவரைக்கும் இந்த வேலை நடந்த பக்கமே வராத ஆள். மேசையில கிடந்த ஆறு முகத் தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கிட்ட வைச்சுப் பாத்து, பிறகு கிழிஞ்ச பெரிய படத்தையும் பாத்திட்டு என்னைக் கேட்டவ: "தம்பி, இதில இருக்கிற நூல் அதில எங்க?"

எனக்கு முதல்ல விளங்கேல்ல. ஆறு முகத் தாளில, கொலரின்ட இடப்பக்க ஓரத்தில, தையல் கோடு நேராப் போய் ஒரு இடத்தில மட்டும் உள்ளுக்கு வளைஞ்சு திரும்பவும் ஓரத்துக்கு வருது. மயிர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நான் அதைக் கீறல் எண்டு நினைச்சு அழிச்சுப் போட்டன்.

"அந்தச் சட்டை நான் தைச்சது. முதல் தைச்ச சட்டை. கொலரில நூல் ஓடிட்டுது, கழட்டித் திருப்பித் தைச்சுத் தாறன் எண்டனான், இல்லை இருக்கட்டும் எண்டு அதோடயே போய்ப் படம் பிடிச்சவர்."

அக்காவுக்கே அந்தக் கதை தெரியாது. கடையில தழும்பை எடுத்ததும் நான் நூலை எடுத்ததும் ஒரே பிழைதான், அவை கேக்கேல்ல, நானும் கேக்கேல்ல. நல்ல காலம், கை வைக்காத ஸ்கேனைத் தனியா வைச்சிருந்தனான். அதில இருந்து கொலரைத் திரும்பக் கொண்டு வந்து, மற்றத் துப்புரவையும் அம்மாவைப் பக்கத்தில இருத்தி ஒவ்வொண்டாக் காட்டிக் கேட்டுத்தான் செய்தனான். கன்னத்தில இருந்த ரெண்டு புள்ளியில ஒண்டு பூஞ்சணம், ஒண்டு மச்சம்.

முடிவு

24ஆம் தாள் அடிக்கப் பத்து நிமிசம்தான் எடுத்தது. எல்லா அளவும் 23ஆம் தாளின்ட பின்பக்கத்தில எழுதி இருந்தது, பிளக்கைக் கழட்டாத மெசின், சிப் பையில வைச்ச பேப்பர், ஒண்டையும் தேட வேண்டி வரேல்ல. இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்தப் பத்து நிமிசம் எவ்வளவு நிம்மதி எண்டு எழுதிக் காட்ட ஏலாது. தாள் மெதுவா வெளியில வருது, முதல்ல தலைமயிர், பிறகு நெத்தி, பிறகு அந்தத் தழும்பு, அம்மா நிண்டுகொண்டு பாக்கிறா, கொலர் வரும் வரைக்கும் ஒருத்தரும் அசையேல்ல.

25ஆம் தாள் அக்காவின்ட தம்பிக்கு, அவர் கனடாவில. ரெண்டையும் ஒண்டரை நாள் சாதாரணத் தாள் மூடி ஏசி அறையில வைச்சு, மவுண்ட் அட்டை போட்டு பிறேம் பண்ணினம். அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் படம் ஹோலில ஏறினது. அடுத்த நாள் சந்தனப் பொட்டு வைச்சு மாலை போட்டு, முன்னால குத்துவிளக்கு. வந்த சனம் கல்வெட்டை வாங்கிக்கொண்டு அந்தப் படத்தடியில நிண்டு கதைச்சது கனநேரம்.

இடையில ஒரு சின்ன வேலையும் நடந்தது, தொண்ணூறுகளில எடுத்த ஒரு கலர் படம் சிவப்பாப் போயிருந்தது. கனக்கப் பழைய கலர் படங்களில சயன் சாயம் இருட்டில கிடந்தாலும் மங்கும், மிஞ்சிறது சிவப்பு. அது பிரிண்டரின்ட பிழை இல்லை, ஸ்கேனில திருத்திக் குடுத்தாச்சு.

ஒரு வருசத்துக்குப் பிறகு

இந்த வருசம் திவசத்துக்குப் போகேக்க அதே ஃபைலில பிறகு அடிச்ச ரெண்டோட சேத்து, வீட்டில இருக்கிற மூண்டு பிரிண்டையும் ஒண்டா வைச்சுப் பாத்தனாங்கள். அல்பத்துக்குள்ள வைச்ச சின்னப் பிரதி அப்பிடியே இருக்குது. ஹோல் பிறேமில இருக்கிறது கொஞ்சம் மங்கினது, பக்கத்தில வைச்சாத்தான் தெரியும். பிள்ளையள் படிக்கிற மேசைக்கு மேல, ஜன்னலுக்கு நேர, கண்ணாடி இல்லாம ஒட்டின ஒண்டு நல்லா வெளிறி நிறமும் மாறிட்டுது. இந்த மெசினில இருக்கிறது டை மை, அதாவது திரவத்தில கரைஞ்ச சாயம், வெளிச்சத்துக்கும் காத்தில இருக்கிற ஓசோனுக்கும் நுண்ணிய கலர்த் தூள் கலந்த பிக்மென்ட் மையை விடக் கெதியாத் தோக்கும். கண்ணாடிக்குப் பின்னால இருந்தா காத்துப் படுறது குறையும், வெளிச்சம் பெரிசாக் குறையாது.

திருப்பிச் செய்யிறதெண்டா மாத்துறது

சுவருக்குப் போற படத்தை, ஃபைல் சரியா வந்த பிறகு, பிக்மென்ட் மை வைச்சு அடிக்கிற இடத்தில ஒண்டு எடுப்பிச்சிருப்பன், ஒரு திருத்தமும் செய்யாதேங்கோ எண்டு எழுதிக் குடுத்து. வீட்டில அடிக்கிறது பாத்துப் பாத்துச் சரியாக்கிறதுக்கும் அல்பத்துக்கும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில மாட்டாம பக்கச் சுவரில மாட்டியிருப்பன். பிறேம் கடைக்கு நானே போயிருப்பன்.

எல்லாத்துக்கும் முதல்ல, ஸ்கேன் எடுத்த அண்டைக்கே அதை அம்மாவுக்குப் பெரிசாக் காட்டியிருப்பன். அவவைக் கஷ்டப்படுத்தக் கூடாது எண்டுதான் தள்ளி வைச்சனாங்கள், அந்தப் படத்தைப் பற்றி எல்லாம் தெரிஞ்ச ஒரே ஆள் அவ.

அக்கா இப்ப ஞாயிற்றுக்கிழமையில நொசில் செக் ஒண்டும், பிள்ளையளின்ட படம் ஒண்டும் அடிக்கிறவ, நிப்பாட்டிறது பட்டனால. பேப்பர் சிலிக்கா பக்கெட்டோட டப்பாக்குள்ள. போன கிழமை அம்மா தன்ட தங்கச்சியின்ட கல்யாணப் படம் ஒண்டைத் தேடி எடுத்து வைச்சிருக்கிறா, இருட்டான இடமெல்லாம் வெள்ளி பூத்து ஸ்கேனரில மினுங்குது. அதை ஸ்கேன் பண்ணாம ஜன்னலடியில வைச்சுக் கமராவால சரிவா வெளிச்சம் விட்டு எடுக்கலாம் எண்டு யோசிச்சிருக்கிறம், மழை விட்டு வெளிச்சம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்.